ஓடினார்களாம்

மூன்று மாதத்துக்கு முன் எங்கள் வாசிப்புக் கூடுகையில் கிறிஸ் கைல் எழுதிய ‘அமெரிக்கன் ஸ்னைப்பர்’ பற்றிப் பேச்சு வந்தது. ஈராக் போரில் குறிபார்த்துச் சுடும் வீரராக இருந்தவர் 2012இல் வெளியிட்ட தன்வரலாறு. பிறகு படமாக வந்ததைத்தான் எங்களில் பலர் பார்த்திருந்தோம். நான் ஒரு கேள்வி கேட்டேன். தனக்கு இரண்டு வெள்ளி நட்சத்திரமும் ஐந்து வெண்கல நட்சத்திரமும் கிடைத்ததாக அவர் எழுதியிருக்கிறார். 2016இல் அமெரிக்கக் கடற்படையே அதை ஒரு வெள்ளி, நான்கு வெண்கலம் என்று திருத்தியது. பதக்க எண்ணிக்கையே பிசகினால், அந்த நூலில் வரும் மற்ற கணக்குகளை எப்படி எடுத்துக்கொள்வது?

கூடுகையை நடத்தும் அண்ணன் சிரித்தார். “தம்பி, அவன் அங்க இருந்தவன். ஏர்கோன்ல உக்காந்து தே தாரிக் குடிச்சிக்கிட்டு நாம அவன்கிட்ட கணக்கு கேக்கலாமா?”

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கும் அப்போது பதில் வரவில்லை. அந்தத் தலையாட்டலுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். இரவு ஷிப்டில் இயந்திரம் நின்றுபோனால் அங்கே இருந்தவர் டெக்னீஷியன் மட்டும்தான். காலையில் போனதும் முதலில் அவரிடம்தான் கேட்போம். “அண்ணே, என்னதான் ஆச்சு?” அவர் சொல்வதை எழுதிக்கொள்வோம். அடுத்து இயந்திரத்தின் பதிவேட்டைத் திறப்போம். அலாரம் அடித்த பிறகுதான் மோட்டார் நின்றது என்று ஒருமுறை ஓர் அண்ணன் அடித்துச் சொன்னார். பதிவில் மோட்டார் நின்று நாற்பது விநாடி கழித்துத்தான் அலாரம். அவர் பொய் சொல்லவில்லை. விடியற்காலை மூன்று மணி, தூக்கம், பயம். பதிவைக் காட்டியபோது “அட, அப்படியா?” என்றார். அவ்வளவுதான். அங்கே இருந்தவரை நாங்கள் மதிக்கிறோம், ஆனால் விசாரணை அவரிடம் தொடங்குகிறது, அவரிடமே முடிவதில்லை. இலக்கியத்துக்கு வந்தால் மட்டும் இது ஏன் அவமரியாதை ஆகிவிடுகிறது என்று எனக்குப் புரியவில்லை.

நம்மிடம் ‘அனுபவம்’ என்ற சொல்லுக்கு ஒரு கோயில் இருக்கிறது. பட்டவன் எழுதினால் அது உண்மை, படாதவன் கேள்வி கேட்டால் அது திமிர். போர் என்று வந்துவிட்டால் அந்தக் கோயிலில் செருப்பை மட்டும் இல்லை, மூளையையும் வெளியே விட்டுவிட்டுப் போகிறோம். பெரிய பெரிய பத்திரிகைகளும் இதைத்தான் செய்திருக்கின்றன.

2007 ஜூலையில் ‘தி நியூ ரிபப்ளிக்’ என்ற அமெரிக்க இதழ் ஈராக்கில் இருந்த ஒரு சிப்பாயின் கட்டுரையைப் புனைபெயரில் வெளியிட்டது. அவர் ஸ்காட் தாமஸ் பீச்சம் என்பது பிறகு தெரிந்தது. கட்டுரையில் மூன்று காட்சிகள். குண்டுவெடிப்பில் முகம் சிதைந்த ஒரு பெண்ணை உணவுக்கூடத்தில் அவரும் நண்பரும் காதுபடக் கேலி செய்கிறார்கள். ஒரு சிப்பாய் தோண்டியெடுத்த மண்டையோட்டுத் துண்டைத் தலையில் மாட்டிக்கொண்டு திரிகிறான். கவச வண்டி ஓட்டும் இன்னொருவன் வேண்டுமென்றே தெருநாய்கள்மேல் ஏற்றுகிறான். போர் எங்களை இப்படி ஆக்கிவிட்டது என்பதுதான் கட்டுரையின் அடிநாதம். அதை இன்று படித்தாலும் வயிற்றைப் பிசையும். எழுதத் தெரிந்தவர்தான்.

போரை ஆதரித்த வலதுசாரி இதழ்காரர்கள் உடனே துருவ ஆரம்பித்தார்கள். தி நியூ ரிபப்ளிக் பீச்சத்தின் சக சிப்பாய்களைத் தேடிப் பேசியது. பெயர் சொல்லாமல் சிலர் ஆமாம் என்றார்கள். ராணுவம் தன் விசாரணையை முடித்து எல்லாம் பொய் என்றது. டிசம்பரில் ஆசிரியர் ஃபிராங்க்ளின் ஃபோயர் நீண்ட கட்டுரை எழுதி, இனி இந்தக் கதைகளுக்குப் பின்னால் எங்களால் நிற்க முடியாது என்று கைகழுவினார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சின்னத் திருத்தம். அந்தப் பெண்ணைக் கேலி செய்தது ஈராக்கில் இல்லை, குவைத் முகாமில் என்று பீச்சமே இடையில் ஒத்துக்கொண்டார். அதாவது ஈராக்குக்குள் போவதற்கு முன்னால். இதழ் இதை ஓர் இடப்பெயர்ப் பிழை மாதிரி நடத்தியது. எனக்கு நாற்பது விநாடி அலாரம்தான் ஞாபகத்துக்கு வந்தது. போர் அவர்களை அப்படி ஆக்கியது என்பதுதானே கட்டுரையின் வாதம்? போரைப் பார்ப்பதற்கு முன்பே அப்படி இருந்தார்கள் என்றால் காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன. கட்டுரையே கவிழ்ந்துவிட்டது. இதை வெளியிடுவதற்கு முன்னால் கேட்க ஒரு கேள்வி போதும்: எந்த முகாம், எந்த மாதம்?

அது ஒன்றும் ஏமாறிப் பழகாத இதழ் இல்லை. 1998இல் ஸ்டீஃபன் கிளாஸ் என்ற இளம் நிருபர் அங்கே எழுதிய 41 கட்டுரைகளில் 27இல் கற்பனைச் சரக்கு இருந்தது அம்பலமாகி மானம் போயிருந்தது. சூடுபட்ட பிறகும் ஏன் கேட்கவில்லை? 2003இல் அந்த இதழ் ஈராக் படையெடுப்பை ஆதரித்தது. 2007இல் அந்தப் போர் நாறிக்கொண்டிருந்தது. போர் கெட்டது என்று ஒரு சிப்பாயின் வாயாலேயே கேட்க வேண்டும் என்ற பசி. பசித்தவன் பதம் பார்ப்பதில்லை.

பீச்சத்தைப் பிடித்துவிட்டோம் என்று கொண்டாடியவர்களைப் பார்த்து நான் கைதட்டப் போவதில்லை. ஒரு சிப்பாயின் நாய்க் கதையைப் பூதக்கண்ணாடி வைத்துத் துருவிய இதே ஆட்கள், ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று மேலிடம் சொன்னபோது அந்தக் கண்ணாடியை எங்கே வைத்திருந்தார்கள்?

அவர்களுடைய பசிக்கும் ஒரு கதை பரிமாறப்பட்டது. 2003 மார்ச் 23 அன்று நஸிரியாவில் ஓர் அமெரிக்க வாகன அணி வழிதவறித் தாக்குதலில் சிக்கியது. ஜெசிக்கா லிஞ்ச் என்ற 19 வயதுப் பெண் பிடிபட்டார். ஏப்ரல் 1 அன்று மருத்துவமனையிலிருந்து மீட்கப்பட்டார். இரண்டு நாள் கழித்து வாஷிங்டன் போஸ்ட் முதல் பக்கத்தில், பெயர் சொல்லாத அதிகாரிகளை வைத்து ஒரு வீரகாவியம்: குண்டு தீரும்வரை சுட்டார், சுடப்பட்டார், குத்தப்பட்டார், உயிரோடு பிடிபட விரும்பவில்லை. உண்மையில் அவருடைய துப்பாக்கி இயங்கவே இல்லை. ஒரு குண்டுகூடச் சுடவில்லை. காயங்கள் வாகனம் மோதியதில் வந்தவை. இதைச் சொன்னது லிஞ்சேதான். 2007 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் உட்கார்ந்து, என்னை ஏன் ராம்போ ஆக்கினீர்கள் என்ற ரீதியில் கேட்டார். இந்தக் கதையில் சிப்பாய் பொய் சொல்லவில்லை. சிப்பாயின் பெயரில் மேலே இருந்தவர்கள் சொன்னார்கள்.

லிஞ்ச் வாய் திறப்பதற்கு முன்னால், 2003 மே மாதமே இந்தக் கதையில் ஓட்டை விழுந்துவிட்டது. பிபிசி உட்படச் சில வெளிநாட்டு நிருபர்கள் நஸிரியா மருத்துவமனைக்குப் போய் ஈராக்கிய டாக்டர்களிடம் கேட்டார்கள். குண்டுக் காயமும் கத்திக் காயமும் இல்லை, நாங்கள்தான் பார்த்துக்கொண்டோம், ஆம்புலன்சில் ஏற்றி அமெரிக்கர்களிடமே ஒப்படைக்க முயன்றோம், சோதனைச் சாவடியில் சுட்டார்கள், திரும்பிவிட்டோம் என்றார்கள் அந்த டாக்டர்கள். அவர்கள் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

அண்ணனிடம் நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். அங்க இருந்தவன் என்றால், அங்கே வேறு யாருமே இல்லையா? துப்பாக்கியின் இந்த முனையில் இருந்தவனுக்கு மட்டும்தான் அனுபவமா? அவன் எழுதிய பாழடைந்த வீட்டில் ஒரு குடும்பம் இருந்திருக்குமே, அவர்களுக்கு அனுபவம் இல்லையா? ‘அனுபவம்’ என்று நாம் கும்பிடுவது எப்போதும் எழுதத் தெரிந்தவனின், பதிப்பகம் கிடைத்தவனின், நம் மொழிக்கு வந்துசேர்ந்தவனின் அனுபவமாகத்தான் இருக்கிறது.

சரி, அமெரிக்காவை விடுவோம். நம் ஊருக்கு வருகிறேன்.

உலு யாம் என்றால் நமக்கு லோ மீ ஞாபகம் வரும். நானும் பல ஞாயிற்றுக்கிழமை சாப்பிடவே போயிருக்கிறேன். அங்கே இருக்கும் சீன இடுகாட்டைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், என்ன இடம் என்று தெரியாமல். பக்கத்தில் பத்தாங் காலி. அங்கே சுங்கை ரெமோக் தோட்டத்தில் சீனத் தொழிலாளர் குடும்பங்கள் கொங்சியில் தங்கி மரம் சீவிக்கொண்டிருந்தார்கள். 1948 டிசம்பர் 11 மாலை, ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவின் ரோந்துக்குழு ஒன்று உள்ளே வந்தது. அவசரகாலம் தொடங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆண்களைத் தனியாகவும் பெண்களையும் பிள்ளைகளையும் தனியாகவும் பிரித்து வைத்தார்கள். ஓர் இளைஞனை அன்று மாலையே சுட்டார்கள். மறுநாள் காலை பெண்களையும் பிள்ளைகளையும் லோரியில் ஏற்றினார்கள். ஆண்களைச் சிறு சிறு கூட்டமாக வெளியே கொண்டுவந்து சுட்டார்கள். மொத்தம் 24 பேர். யார் கையிலும் ஆயுதம் இல்லை. மயங்கி விழுந்ததால் ஒருவர் மட்டும் பிழைத்தார். கொங்சிக்குத் தீ வைக்கப்பட்டது.

படை சொன்ன கதை வேறு. பிடித்து வைத்திருந்த கொள்ளைக்காரர்கள் காலையில் தப்பி ஓடினார்கள், நில் என்று கத்தினோம், நிற்கவில்லை, சுட்டோம். மறுநாள் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இதைப் பெரிய வெற்றிச் செய்தியாகப் போட்டது. அவசரகாலம் தொடங்கியதிலிருந்து இவ்வளவு பெரிய வெற்றி இல்லை என்ற தோரணை. அத்தனை பேர் தப்பி ஓட, ஒருவரும் காயத்தோடு பிடிபடாமல் எல்லாரும் செத்திருக்கிறார்கள் என்ற கணக்கு அந்த மேசையில் யாரையும் உறுத்தவில்லை. தோட்டத்துத் துரை என் ஆட்கள் ஒழுங்கானவர்கள் என்று சொன்ன பிறகு, சீனத் தூதரகம் சத்தம் போட்ட பிறகுதான் முணுமுணுப்பு கிளம்பியது. துரை சொன்னால் காதில் விழும். லோரியில் போன பெண்கள் சொன்னால் விழாது. சட்டத்துறைத் தலைவர் ஒரு விசாரணை நடத்தினார். சிப்பாய்களிடம் கேட்டார்கள். அந்தப் பெண்களிடம் வாக்குமூலம் வாங்கவில்லை. சுட்டது சரி என்று முடிந்தது. 1949 ஜனவரியில் தப்பி ஓடுபவர்களைச் சுடலாம் என்று ஒரு விதியையும் கொண்டுவந்து, அதை முன்தேதியிட்டும் செல்லுபடியாக்கினார்கள்.

என் பாட்டி அப்போது உலு சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் லயத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது விடுமுறையில் போய் அவசரகாலம் பற்றிக் கேட்டேன். ஊரடங்கு, முள்வேலி, அளந்து கொடுத்த அரிசி எல்லாம் சொன்னார். பத்தாங் காலியைப் பற்றிக் கேட்டதும் யோசிக்காமல் சொன்னார்: “அதா? கம்யூனிஸ்டுங்க. ஓடப் பாத்தாங்களாம்யா. அதான் சுட்டுட்டாங்களாம்.”

அவர் படிக்கத் தெரியாதவர். அந்தச் செய்தி எந்த வாய் வழியாக அவருடைய லயத்துக்கு வந்ததோ தெரியாது. நானும் அன்றைக்கு அதை அப்படியே நம்பித்தான் வந்தேன். எஸ்பிஎம் வரலாற்றுப் பாடத்தில் பத்தாங் காலி பற்றிப் படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு ரோந்துக்குழுவின் பொய் பக்கத்துத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்தில் அறுபது வருடத்துக்கு மேல் பத்திரமாக இருந்திருக்கிறது. நம் தாத்தா பாட்டி மாதிரியே மரம் சீவியவர்களைப் பற்றி, நம் வீட்டிலேயே.

ஆனால் பாட்டி சொன்னதில் ஒன்றைக் கவனியுங்கள். ‘பாத்தாங்களாம்’, ‘சுட்டுட்டாங்களாம்’. அந்த ‘ஆம்’. நான் பார்க்கவில்லை, எவனோ சொன்னது, பொறுப்பு எனக்கில்லை என்று ஒரே அசையில் சொல்லும் வசதி நம் மொழியில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி அதை விடவில்லை. படித்த ஆசிரியர்கள்தான் வெட்டி எறிகிறார்கள். ‘ஓடினார்களாம் என்று படை சொல்கிறது’ என்பது செய்தி மேசைக்கு வந்ததும் ‘ஓடினர்’ ஆகிவிடுகிறது. நம் நூல் அறிமுகங்களிலும் இதே கத்தரிப்புத்தான். ‘கைல் இத்தனை பேரைச் சுட்டதாகச் சொல்கிறார்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘சுட்டார்’ என்று எழுதுகிறோம், நடை நன்றாக இருக்கும் என்று.

இங்கே ஒருவர் எதிர்வாதம் சொல்லலாம். பத்தாங் காலி உண்மையை வெளியே கொண்டுவந்ததும் சிப்பாய்கள்தானே? ஆமாம். 1970 பிப்ரவரியில் ‘தி பீப்பள்’ என்ற லண்டன் பத்திரிகையில் அந்த ரோந்துக்குழுவில் இருந்த சிலர் பிரமாணம் எடுத்துச் சொன்னார்கள்: அவர்கள் ஓடவில்லை, சுடச் சொல்லி உத்தரவு, சுட்டோம். அப்படியானால் இந்தச் சிப்பாய்களை நான் எப்படி நம்புகிறேன்? பிரமாணத்தை வைத்து இல்லை. முதல் உலகப்போரில் மோன்ஸ் களத்தில் தேவதைகள் வந்து காப்பாற்றியதைக் கண்ணால் கண்டேன் என்று ஒரு சிப்பாய் நீதிபதி முன்னால் சத்தியம் செய்திருக்கிறான். மோன்ஸ் போர் 1914 ஆகஸ்ட் 23. அவன் கடல் தாண்டியதே செப்டம்பரில்தான். அந்த வதந்திக்கு விதை போட்டது ஆர்தர் மேக்கன் லண்டன் நாளிதழ் ஒன்றில் எழுதிய ஒரு சிறுகதை. அது நான் கட்டிய கதை ஐயா என்று மேக்கனே சொன்னார். ஒரு பாதிரியார் இல்லை, நீர்தான் தப்பாகச் சொல்கிறீர், நடந்ததைத்தான் எழுதியிருக்கிறீர் என்று அவருக்கே பாடம் எடுத்தாராம். (பாதிரியார் கதையைச் சொன்னதும் மேக்கன்தான். அதனால்தான் ‘ஆம்’ போட்டிருக்கிறேன்.)

1970இன் சிப்பாய்களை நான் நம்புவதற்குக் காரணம், அவர்கள் சொன்னது லோரியில் போன பெண்கள் சொல்லிவந்ததோடு பொருந்துகிறது. இரண்டு முனையும் ஒட்டுகிறது. ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசி வைத்துக்கொள்ள வழியில்லாத, மொழியே தெரியாத இரண்டு தரப்பு. சொல்வதால் சிப்பாய்களுக்கு லாபம் ஒன்றும் இல்லை, கொலை வழக்கு வரலாம். ஒரு பொறியாளனுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

அப்புறம் என்ன நடந்தது? பொய்யை நம்ப ஒரே நாள் ஆனது. உண்மையை அதே சிப்பாய்கள் சொன்னபோது விசாரணை, மேல்விசாரணை. லண்டன் போலீஸ் அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டார். சிப்பாய்களை விசாரித்துவிட்டு மலேசியா வந்து கிராமத்தினரைக் கேட்பதாக இருந்தார். 1970 ஜூனில் பிரிட்டனில் ஆட்சி மாறியது. ஆதாரம் போதாது என்று விசாரணையை நிறுத்தினார்கள். இது அரசியல் மாற்றத்தால் வந்த முடிவு என்று அந்த அதிகாரியே அறிக்கையில் எழுதி வைத்தார். கிராமத்தினரைக் கேட்க வந்த முதல் ஆள் விமானம் ஏறவே இல்லை. குடும்பங்கள் விடவில்லை. 2012இல் லண்டன் உயர்நீதிமன்றம், 2014இல் மேல்முறையீடு, 2015 நவம்பர் 25 அன்று பிரிட்டன் உச்சநீதிமன்றம். விசாரணை நடத்தியே ஆகவேண்டிய கடமை அரசுக்கு இல்லை என்று தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளில் ஹேல் அம்மையார் ஒருவர்தான் மாறுபட்டார். 2018இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் மனுவை ஏற்கவில்லை.

இந்தத் தீர்ப்பைப் படித்த வாரம் பாட்டியிடம் போய்ச் சொன்னேன். அவருக்குக் காது மந்தம், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. “ஓடலையா?” என்றார். ஓடல பாட்டி. கொஞ்ச நேரம் கழித்து, “பொம்பளைங்க எல்லாம் எங்க போச்சுங்க அப்புறம்?” என்று கேட்டார். செய்தித்தாளும் சட்டத்துறையும் கேட்காத கேள்வி.

அண்ணன் நேற்று போன் செய்தார். அடுத்த மாதக் கூடுகைக்கு ஒரு முன்னாள் ராணுவ வீரரின் நினைவுக்குறிப்பை எடுக்கலாமாம், அருமையான நடையாம். எடுக்கலாம் அண்ணே என்றேன். ஒரு நிபந்தனையோடு. அந்த வீரர் எந்த ஊருக்குள் நுழைந்தாரோ அந்த ஊர்க்காரர் யாராவது எழுதியதோ சொன்னதோ ஒரு பக்கமாவது கிடைக்கிறதா என்று நாம் எல்லாரும் தேடிவிட்டு வரவேண்டும். “கிடைக்கலைன்னா?” என்றார். கிடைக்கவில்லை என்பதையே முதல் அரைமணி நேரம் பேசுவோம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.